கற்பனை நாட்டில் எத்தனை நாள் நடை? ஃபேண்டஸி வரைபடத்தில் பயண தூரம் கணக்கிடும் முறை

முதல் அத்தியாயத்தில் துறைமுகத்திலிருந்து மலைக்கோட்டைக்குப் போய்ச் சேர நாயகிக்கு மூன்று வாரம் ஆகிறது. ஏழாம் அத்தியாயத்தில் அதே வழியில் ஒரு தூதன் நடந்தே நாலு நாளில் வந்து நிற்கிறான். எழுதியவர் கவனிக்க மாட்டார், வாசகர் கவனிப்பார். மேசையில் ரோல்பிளே விளையாட்டு, அதாவது ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் நுழையும் ஆட்டம், நடத்துகிறவர்களுக்கும் இதே தொல்லைதான். "அந்த ஊருக்கு எத்தனை நாள்?" என்று ஆட்டக்காரர் கேட்டதும் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லிவிட்டால், அடுத்த வாரம் அதுவே கழுத்தைப் பிடிக்கும்.

ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இது தீரும். வேண்டியவை: வரைபடத்தின் பிரிண்ட், ஸ்கேல், முறுக்கு குறைந்த பருத்தி நூல், ஜியாமெட்ரி பெட்டியில் கிடக்கும் டிவைடர், பென்சில், கால்குலேட்டர்.

முதலில் அளவுக்கோடு

படத்தின் மூலையில் 0, 50, 100 என்று குறித்த ஒரு குறுக்குக்கோடு இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். அதை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். 100 கி.மீ. என்று குறித்த கோடு உங்கள் தாளில் 4 செ.மீ. இருந்தால், 1 செ.மீ. என்பது 25 கி.மீ. இதைப் படத்தின் ஓரத்திலேயே எழுதிவிடுங்கள்.

கோட்டுக்குப் பதிலாக 1:25,00,000 (தாளில் 1 செ.மீ., தரையில் 25 கி.மீ.) என்று விகிதம் மட்டும் போட்டிருந்தால் எச்சரிக்கை தேவை. அந்த விகிதம் முதலில் வரைந்த தாளின் அளவுக்கு மட்டுமே பொருந்தும். புத்தகத்துக்காகச் சுருக்கினாலோ, ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கினாலோ விகிதம் பொய்யாகிவிடும். கோடு படத்தோடு சேர்ந்தே சுருங்கி விரிவதால் அது பொய் சொல்லாது. ஆகவே நீங்களே படம் வரைகிறீர்கள் என்றால் விகிதத்தை விட்டுவிட்டுக் கோடு போடுங்கள்.

திரையில் அளப்பவர்களுக்கு செ.மீ. உதவாது, பிக்சல்தான். கோடு 240 பிக்சல், அது 100 கி.மீ. என்றால் ஒரு பிக்சல் 0.417 கி.மீ. வழி 612 பிக்சல் வந்தால் 255 கி.மீ. இதில் ஒரே ஒரு பள்ளம் உண்டு: படத்தை நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது சுருங்கிப் போய்ச் சேரும். அவர் அளக்கும் பிக்சல் வேறு, உங்கள் பிக்சல் வேறு. கோப்பாக, அதாவது டாக்குமெண்டாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் அவரும் முதலில் அளவுக்கோட்டை அளந்துவிட்டுத் தொடங்கட்டும்.

அளவே போடாத படம்

பெரும்பாலான கற்பனை வரைபடங்களில் அளவு இருக்காது. அதைக் கதையிலிருந்துதான் பிடுங்க வேண்டும்.

நம்பகமான ஒரு பயணத்தைத் தேர்ந்தெடுங்கள். உப்பு வியாபாரி மாட்டுவண்டியில் ஆறு நாளில் சந்தை ஊருக்குப் போனான் என்று கதையில் வருகிறது என்போம். பாரவண்டி ஒரு நாளைக்குச் சுமார் 20 கி.மீ. போகும். ஆறு நாளைக்கு 120 கி.மீ. சாலை வளைந்து நெளிந்து போயிருக்கும், படத்தில் அது தெரியாது, அதனால் 1.15 ஆல் வகுத்தால் (இந்த எண் எங்கிருந்து வந்தது என்பது பிறகு) 104 கி.மீ. படத்தில் அந்த வழியின் நீளம் 3.5 செ.மீ. என்றால் 1 செ.மீ. ஏறக்குறைய 30 கி.மீ. இதோடு விடாமல் வேறொரு பயணத்தையும் இதே போலக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு விடைக்கும் நடுவே கால் பங்குக்கு மேல் வித்தியாசம் வந்தால், இரண்டில் ஒரு பயணத்தின் நாள் கணக்கைக் கதையில் திருத்தியாக வேண்டும்.

இதே வித்தையைத் தலைகீழாகவும் செய்யலாம். புகாரிலிருந்து மதுரை முப்பது காதம் என்று சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகியிடம் சொல்கிறான். அவர்கள் போனது உறையூர் வழி. பூம்புகாரிலிருந்து உறையூர் நேர்க்கோட்டில் சுமார் 130 கி.மீ., அங்கிருந்து மதுரை சுமார் 120. ஆக 250. வழி வளைவுக்கு 1.2 ஆல் பெருக்கினால் 300. முப்பதால் வகுத்தால் காதத்துக்கு 10 கி.மீ. காதத்துக்கு ஊருக்கொரு அளவு சொல்வார்கள். உங்கள் கற்பனை நாட்டில் காதம் புழங்கினால் 10 கி.மீ. என்று வைத்துக்கொள்வது கணக்குக்கும் சுலபம், மேலே கண்டபடி நியாயமும்கூட. (பத்துப் பதினோரு நாள் நடையைப் 'பக்கம்தான்' என்று கோவலன் சொல்வது வேறு விஷயம்.)

கதையிலும் துப்பு இல்லையென்றால் தட்பவெப்பத்தைப் பாருங்கள். பூமியைப் போன்ற கிரகம் என்றால் வடக்கு தெற்காக ஒரு பாகை அட்சரேகைக்கு 111 கி.மீ. தென்னை வெப்பமண்டலத்து மரம், ஏறக்குறைய 23 பாகைக்குள். பனி மூடிய ஊசியிலைக் காடு சமவெளியில் தொடங்குவது ஏறத்தாழ 50 பாகையில். ஆக, தென்னந்தோப்பும் பனிக்காடும் ஒரே படத்தில் கடல்மட்டத்தில் இருந்தால் இரண்டுக்கும் நடுவே குறைந்தது 3,000 கி.மீ. இருக்க வேண்டும். இந்தியாவின் வடக்கு தெற்கு நீளமே 3,214 கி.மீ.தான். குதிரையில் மூன்று நாளில் அதைக் கடக்கும் வீரனைப் பார்த்தால் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். முழு இலங்கையும் வடமுனையிலிருந்து தென்முனைக்கு 430 கி.மீ. சொச்சம். 'சிறிய தீவு ராஜ்ஜியம்' என்று நீங்கள் வரைந்தது அதைவிடப் பெரிதா சிறிதா என்று ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தாலே பல தப்புகள் தெரிந்துவிடும்.

வழியை அளப்பது

ஸ்கேலை இரண்டு ஊருக்கும் நடுவே நேராக வைத்து அளக்காதீர்கள். அது காக்கை பறக்கும் தூரம்.

நூல் முறை: நூலை லேசாக ஈரப்படுத்திக்கொண்டால் தாளில் ஒட்டி நிற்கும். தொடங்கும் ஊரில் நூலின் நுனியை விரலால் அழுத்தி, சாலையின் ஒவ்வொரு வளைவிலும் படியவிட்டுக்கொண்டே போங்கள். சேரும் ஊரில் நூலில் பேனாவால் ஒரு புள்ளி. பிறகு நூலை எடுத்து, இழுக்காமல், ஸ்கேலில் வைத்து அளங்கள். நைலான் நூல் வேண்டாம். இழுத்தால் நீளும், வளைவில் படியாது. மூன்று முறை அளந்து நடுவில் வரும் எண்ணை எடுத்துக்கொள்வது நல்லது.

டிவைடர் இருந்தால் அதன் இரு முனைக்கும் இடையே 5 மி.மீ. திறந்து, வழியோடு காலடி வைத்து எண்ணிக்கொண்டே போகலாம். திறப்பு பெரிதானால் வளைவுகள் விழுங்கப்பட்டு வழி குறைந்து காட்டும்.

கணினியில் என்றால் இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருள் இதற்கு அருமையானது. அளவுக்கோட்டின் மேல் ஒரு கோடு இழுத்து 'செட் ஸ்கேல்' கொடுத்துவிட்டு, பல துண்டாக வளையும் கோட்டால் வழியைத் தொடர்ந்தால் கி.மீ.யாகவே நீளத்தைத் தரும். அஸ்காரின் ஃபேண்டஸி மேப் ஜெனரேட்டரில் உருவாக்கிய உலகம் என்றால் அதற்குள்ளேயே வளைகோடு அளக்கும் கருவி இருக்கிறது. அளவு அலகை மட்டும் நீங்கள் முதலில் முடிவு செய்து கொடுக்க வேண்டும்.

அறுகோணக் கட்டம் போட்ட படம் என்றால் கட்டத்தை எண்ணினால் போதும். சதுரக் கட்டத்தில் மட்டும் மூலைவிட்டமாகப் போகும்போது ஒரு கட்டத்தை 1.4 ஆகக் கணக்கிடுங்கள். இதை மறந்தவர்களின் உலகத்தில் வடகிழக்குத் திசை மட்டும் மர்மமாகக் கிட்டத்தில் இருக்கும்.

ஊர்ச் சின்னத்தில் எந்த இடத்திலிருந்து அளப்பது? 1 செ.மீ. 25 கி.மீ. என்றால், கோட்டை வடிவச் சின்னம் ஒன்று 5 மி.மீ. அகலம் இருந்தாலே தரையில் 12 கி.மீ.க்கு மேல் அடைத்துக்கொள்கிறது. சின்னத்தின் அடிப்பகுதி நடுவே ஒரு பென்சில் புள்ளி வைத்து, எப்போதும் அதிலிருந்தே அளங்கள்.

வளைவுக்குக் கூட்டுவது

நூலால் அளந்த நீளமும் உண்மை நீளமல்ல. படம் சின்னதாக ஆக ஆக, சாலையின் நெளிவுகள் ஒரே மென்மையான கோடாகிவிடும். கொல்லிமலை ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளை 1 செ.மீ.க்கு 25 கி.மீ. படத்தில் யாராலும் வரைய முடியாது. அந்த நீளத்தை நாமாகத்தான் கூட்ட வேண்டும்.

எவ்வளவு என்பதை உண்மை ஊர்களிலிருந்து எடுக்கலாம். சென்னை மதுரை நேர்க்கோட்டில் ஏறக்குறைய 420 கி.மீ., சாலையில் சுமார் 460. பெருக்கம் 1.1. கொழும்பிலிருந்து கண்டி நேர்க்கோட்டில் 95 சொச்சம், சாலையில் 115 போல. 1.2. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை நேர்க்கோட்டில் 37, மலைப்பாதையில் 64 வரை. 1.7 ஆகிவிட்டது. இவை நேர்க்கோட்டிலிருந்து வந்த பெருக்கங்கள். ஆனாலும் கற்பனை வரைபடத்தில் சாலைகளைப் பெரும்பாலும் கோடு கிழித்த மாதிரியே வரைகிறோம் என்பதால், இவற்றை அப்படியே பயன்படுத்தலாம். சமவெளிக்கு 1.15, காட்டுக்கும் மேடுபள்ளத்துக்கும் 1.3, மலைக்கு 1.7. உங்கள் கோடு ஏற்கெனவே நன்றாக நெளிந்து போகிறது என்றால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

கி.மீ.யை நாளாக்குவது

இங்கேதான் வேலை. தரையின் வகை மாறும் இடத்திலெல்லாம் வழியைத் துண்டு போடுங்கள். முழுப் பயணத்துக்கும் ஒரே வேகத்தைப் போட்டால் மேலே செய்த அளவையெல்லாம் வீண்.

வெறுங்கையோடு நல்ல சாலையில் நடப்பவர் மணிக்கு 5 கி.மீ. போவார். முதுகில் பத்துப் பதினைந்து கிலோ மூட்டை இருந்தால் 4. காட்டுப்பாதையில் 3. பாதையே இல்லாத அடர்காட்டில் 1 கிடைத்தால் பெரிது. மணலில் இரண்டரை. ஒரு நாளில் உண்மையில் நடப்பது ஏழெட்டு மணி நேரம்தான். கூடாரம் பிரிப்பது, சமைப்பது, தண்ணீர் தேடுவது மீதியைத் தின்றுவிடும். அதனால் சாலையில் நாளைக்கு 25 முதல் 30 கி.மீ. என்பது நீண்ட பயணத்துக்கு நியாயமான எண். பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸும் இதையே சொல்கிறார்: பாரசீக அரச சாலையில் சார்டிஸிலிருந்து சூசாவுக்கு 13,500 ஸ்டேடியம் (பழைய கிரேக்க நீள அளவு), நாளைக்கு 150 வீதம் 90 நாள். ஒரு ஸ்டேடியத்துக்கு 180 மீட்டர் வைத்தால் நாளைக்கு 27 கி.மீ.

ஏற்றத்துக்கு ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நேஸ்மித் 1892இல் சொன்ன விதி இன்றும் செல்லும். 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம். ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 12 கி.மீ. வழியில் 900 மீட்டர் ஏற வேண்டுமென்றால் 2.4 மணியோடு 1.5 மணி, ஆக ஏறக்குறைய 4 மணி நேரம். செங்குத்தாக இறங்கினால் 300 மீட்டருக்குப் பத்து நிமிடம் கூட்டுங்கள். இறக்கம்தானே, சீக்கிரம் போய்விடலாம் என்று நினைப்பவருக்கு முழங்கால் பதில் சொல்லும்.

கூட்டம் பெருகினால் வேகம் குறையும். நாலு பேர் போனால் மெதுவாக நடப்பவரின் வேகம்தான் எல்லோருக்கும். படை என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. பத்தாயிரம் பேர் நால்வர் வரிசையாக, வரிசைக்கு 2 மீட்டர் விட்டுப் போனால் அணியின் நீளம் 5 கி.மீ. பின்னால் 500 பாரவண்டிகள், வண்டிக்குப் பத்து மீட்டர் என்றால் இன்னொரு 5 கி.மீ. முன்வரிசை புறப்பட்டு இரண்டரை மணி நேரம் கழித்துத்தான் கடைசி வண்டி நகரவே தொடங்கும். மாலையில் முகாம் சேர்வதும் அதே இரண்டரை மணி தாமதத்தில். அதனால் நடக்கக் கிடைப்பது ஐந்து மணி நேரம். படைக்கு நாளைக்கு 15 முதல் 20 கி.மீ.க்கு மேல் கொடுக்காதீர்கள்.

குதிரையில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். பாய்ச்சலில் மணிக்கு 40 கி.மீ., பத்து மணி நேரத்துக்கு 400 என்று பெருக்கிவிடுகிறார்கள். குதிரை அந்த வேகத்தில் சில கி.மீ. ஓடும், அதற்கு மேல் ஓட்டினால் சுருண்டு விழும். நடையில் அதன் வேகம் மணிக்கு 6 கி.மீ.தான், மனிதனைவிடக் கொஞ்சம் கூடுதல். ஒரே குதிரையில் நாள்தோறும் போக 40 முதல் 50 கி.மீ. அதற்கு மேல் வேண்டுமானால் வழியில் குதிரை மாற்ற வேண்டும். 1860இல் அமெரிக்காவில் தொடங்கிய போனி எக்ஸ்பிரஸ் தபால் சுமார் 3,100 கி.மீ.யைப் பத்து நாள் அளவில் கடந்தது. பதினைந்து இருபது கி.மீ.க்கு ஒருமுறை புதுக்குதிரை, அவ்வப்போது புது ஆள். உங்கள் தூதன் நாளைக்கு 300 கி.மீ. போகலாம், ஆனால் வழியெங்கும் லாயம் கட்டி வைத்த அரசு வேண்டும். அந்த லாயங்களை வரைபடத்திலும் புள்ளி வையுங்கள்.

தீனியையும் பாருங்கள். 450 கிலோ குதிரைக்கு நாளைக்குச் சுமார் 10 கிலோ உலர்தீனி. 90 கிலோ சுமக்கும் பொதிக்குதிரை தன் தீனியை மட்டுமே சுமந்தால்கூட ஒன்பது நாளில் மூட்டை காலி. புல் முளைக்காத பாலையில் பதினைந்து நாள் குதிரைப் பயணம் என்று எழுதும்முன் இதை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

மாட்டுவண்டி மணிக்கு 3 கி.மீ. போல. மாடு மேயவும் அசைபோடவும் உச்சிவெயிலில் அவிழ்த்துவிட்டாக வேண்டும். கோடையில் வண்டிகள் இரவில் கட்டிக்கொண்டு போனதும் இதனால்தான்.

ஒரு பயணம், முழுக் கணக்கோடு

ஆழிமுகம் என்ற துறைமுகத்திலிருந்து கருங்கோட்டை என்ற மலைக்கோட்டைக்கு நாலு பேர் ஒரு கழுதையோடு நடக்கிறார்கள். 1 செ.மீ. 25 கி.மீ. ஸ்கேலை நேராக வைத்தால் 9.2 செ.மீ., அதாவது 230 கி.மீ. நூல் வைத்தால் 10 செ.மீ. அதில் சமவெளி 5.6, காடு 2.4, மலை 2.

சமவெளி: 140 கி.மீ., 1.15 ஆல் பெருக்க 161. மணிக்கு 4 வீதம் ஏழு மணி, நாளைக்கு 28 கி.மீ. கிட்டத்தட்ட 5.8 நாள்.

காடு: 60 கி.மீ., 1.3 ஆல் பெருக்க 78. மணிக்கு 3, நாளைக்கு 21. இது 3.7 நாள்.

மலை: 50 கி.மீ., 1.7 ஆல் பெருக்க 85. மணிக்கு 3.5 வீதம் 24.3 மணி நேரம். 1,800 மீட்டர் ஏற்றத்துக்கு 3 மணி, கணவாய்க்கு அப்பால் 1,200 மீட்டர் செங்குத்து இறக்கத்துக்கு 40 நிமிடம். மொத்தம் 28 மணி. மலையில் வெளிச்சம் சீக்கிரம் போய்விடுவதால் நாளைக்கு ஆறு மணி நேரம் வைத்தால் 4.7 நாள்.

கூட்டினால் 14 நாள். வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்று இரண்டு, வழியில் ஆற்றுவெள்ளம் வடியக் காத்திருக்க ஒன்று. 17 நாள். நேர்க்கோட்டை 30 ஆல் வகுத்தவருக்கு எட்டு நாள்கூட வந்திருக்காது.

கடலும் ஆறும்

கப்பலின் வேகத்தை 'நாட்' என்ற அலகில் சொல்வார்கள்: 1 நாட் என்பது மணிக்கு 1.852 கி.மீ. நல்ல காற்றில் பழைய பாய்க்கப்பல் 5 நாட் போகும். இரவும் பகலும் ஓடினால் 24 மணியில் 222 கி.மீ. ஆனால் கரையோரமாகப் போகும் கப்பல் இரவில் நங்கூரமிட்டால் அதில் பாதிதான். எதிர்க்காற்றில் நேராகப் போக முடியாது, குறுக்கும் நெடுக்குமாகப் போக வேண்டும். காற்றுக்கு 45 பாகை சாய்ந்து ஓட முடிகிற கப்பலுக்குத் தூரம் 1.4 மடங்கு, 60 பாகை வேண்டும் சதுரப்பாய்க் கப்பலுக்கு இரண்டு மடங்கு. ஆகவே போக ஒரு கணக்கு, வர ஒரு கணக்கு. பருவக்காற்று வீசும் கடல் என்றால் திரும்பி வர அரை வருடம் துறைமுகத்தில் கிடக்க நேரலாம். கதைக்கு அது லாபமும்கூட.

ஆற்றில் துடுப்பு வேகம் 5, நீரோட்டம் 4 என்றால் கீழ்நோக்கி 9, மேல்நோக்கி 1. மேல்நோக்கிப் போகும் படகைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுப்பதே நடப்பு. ஆற்றின் நீளத்துக்கும் 1.5 ஆல் பெருக்க மறக்காதீர்கள்.

இன்னும் சில இடங்களில் தப்பும்

ஒரு நாட்டின் படத்துக்குக் கிரகம் உருண்டை என்ற கவலை வேண்டாம். முழு உலகையும் ஒரே செவ்வகத்தில் வரைந்திருந்தால் வேண்டும். அட்சரேகையும் தீர்க்கரேகையும் சமக்கட்டங்களாக இருக்கும் படத்தில், 60 பாகையில் கிழக்கு மேற்காக அளந்த தூரத்தைப் பாதியாக்குங்கள். மெர்கேட்டர் வகைப் படம் (துருவத்தை நெருங்க நெருங்க எல்லாத் திசையிலும் பெரிதாக்கிக் காட்டும் உலகப்படம்) என்றால் அங்கே எந்தத் திசையில் அளந்தாலும் பாதி. அதே 60 பாகையில் நடுக்குளிர்காலப் பகல் ஆறு மணி நேரம்கூட இராது, நடைநேரத்தையும் வெட்டுங்கள்.

'தூரத்தில் கோட்டை தெரிந்தது' என்று எழுதினால் அதையும் சோதிக்கலாம். உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 3.57 ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கி.மீ. என்று வரும். தரையில் நிற்கும் ஆளுக்கு 4.6. நானூறு மீட்டர் குன்றுக்கு 71. இரண்டையும் கூட்டினால், சமவெளியில் நிற்பவனுக்கு அந்தக் குன்றின் உச்சி 76 கி.மீ. வரை கண்ணில் படலாம், வானம் துப்புரவாக இருந்தால். மூன்று நாள் நடைக்கு முன்பே சேருமிடம் தெரிகிறது என்று இதை வைத்து ஒரு காட்சியே எழுதலாம்.

பாத்திரங்களின் வாயில் '324 கி.மீ.' வரக்கூடாது. நடப்பவன் 'பதினைந்து நாள் வழி' என்பான், வண்டிக்காரன் 'மூணு வாரம் ஆகும்' என்பான், பக்கத்து ஊர் 'கூப்பிடு தூரம்'. கி.மீ. உங்கள் தாளில் மட்டும் இருக்கட்டும். அந்தத் தாளில் ஊர் இணை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: நூல் நீளம், திருத்திய தூரம், நடை நாள், குதிரை நாள், வண்டி நாள், எந்தப் பருவத்துக்கான கணக்கு. படத்தில் ஒரு ஊரை நகர்த்தினால் அந்த ஊர் வரும் வரிகளை அன்றைக்கே அடித்துத் திருத்துங்கள்.